தாய்ப்பால் வளர்க்கும் நல்ல பாக்டீரியா

தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாக அதிகம் இருப்பவை ஒலிகோசாக்கரைடு என்னும் சர்க்கரைகள். குழந்தையால் இவற்றை ஜீரணிக்கவே முடியாது. அப்படியிருக்க, அல்லாஹ் ஏன் இவற்றைத் தாய்ப்பாலில் வைத்தான்?

இவை குழந்தையின் பெருங்குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரிக்கான உணவு. 1899-ல் பாரிஸ் பாஸ்டர் ஆய்வு நிலையத்தின் ஹென்றி டிசியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கவட்டை போலக் கிளை பிரிந்த இந்தப் பாக்டீரியாவைக் கண்டார். இதில் இன்ஃபான்டிஸ் என்ற வகை அந்தச் சர்க்கரைகளைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் வெளியிடுகிறது. குடல் புளிப்புத் தன்மை அடைவதால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பல கிருமிகளால் அங்கே எளிதில் பெருக முடிவதில்லை.

பாலூட்டும் காலத்தை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 233-வது வசனம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? பிறந்த அன்றே சர்க்கரைத் தண்ணீர், நாக்கில் தேன். பெரியவர்கள் பாசத்தோடுதான் செய்கிறார்கள். தேனில் போட்டுலிசம் நோய்க் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். நம் குடலில் நிறைந்திருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றை முளைக்க விடுவதில்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. வித்து முளைத்து நஞ்சு பரவினால் தசைகள் தளர்ந்து மூச்சே திணறலாம். தஹ்னீக் சுன்னத்தாயிற்றே என்று சிலர் கேட்பார்கள். நபி (ஸல்) அவர்கள் தஹ்னீக் செய்ததாக ஹதீஸ்களில் நாம் காண்பது பேரீச்சம்பழம். மருத்துவமனையில் இருக்கும் குறைமாதக் குழந்தை என்றால் அதற்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் நாமே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதும் இதே நல்ல பாக்டீரியாவைத்தான் அழிக்கிறது.

அதற்காக புரோபயாடிக் சொட்டு மருந்தையும் இஷ்டத்துக்கு வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அதுவே இரத்தத்தில் தொற்றாக மாறலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023-ல் எச்சரித்தது. பெரியவர்களுக்கான காப்ஸ்யூல்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாக்டீரியா ஹலாலா என்று கேட்கும் நாம், அதைப் பொதிந்திருக்கும் உறையைப் பார்ப்பதில்லை. பல உறைகள் ஜெலட்டினால் ஆனவை; அது பன்றியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. தாவர உறையில் வருபவையும், பொடியாக வருபவையும் கிடைக்கின்றன. கடைக்காரரிடம் கேட்டு, லேபிளைப் படித்து வாங்குங்கள்.