உங்க வீட்டு கரண்ட் பில்லில் ரெண்டு கம்பெனி இருக்கலாம்

ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் எவ்வளவு கரண்ட் குடிக்குதுன்னு போன எபிசோடில் பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "அதுக்கு எங்க வீட்டு பில் ஏன் ஏறணும்? வேற கம்பெனிக்கு மாறினா குறையுமா?" கொஞ்சம் நீளமான பதில், அதனால் இந்த வாரம் எழுத்தில்.

நான் இருப்பது வெஸ்ட் வின்ட்சரில். எங்க வீட்டுக்கு கரண்டும் கேஸும் கொண்டு வருவது பி.எஸ்.இ. அண்ட் ஜி. பில்லில் ரெண்டு பகுதி இருக்கும்: டெலிவரி, சப்ளை. டெலிவரி என்பது கம்பம், கம்பி, குழாய், மீட்டர். இதில் போட்டி கிடையாது, கட்டணத்தை மாநிலத்தின் போர்டு ஆஃப் பப்ளிக் யுடிலிட்டீஸ் முடிவு செய்யும். சப்ளை என்பது நீங்க பயன்படுத்தும் கரண்டுக்கும் கேஸுக்கும் உள்ள விலை. சந்தையைத் திறந்துவிட்டார்கள் என்று சொல்வது இந்தப் பகுதியை மட்டும்தான்.

ஊரில் அப்பா அம்மாவுக்குத் தெரிந்தது ஈ.பி. மட்டும். கம்பியும் அவங்கதான், கரண்டும் அவங்கதான். நியூ ஜெர்சியிலும் 1999 வரை கிட்டத்தட்ட அப்படித்தான். அந்த வருஷம் பிப்ரவரியில் கவர்னர் கிறிஸ்டின் டாட் விட்மன் கையெழுத்திட்ட சட்டம், யாரிடம் கரண்ட் வாங்குவது என்பதை வீட்டுக்காரர்களே தேர்ந்தெடுக்க வழி செய்தது. டெக்சாஸில் 2002 ஜனவரியில் ஆரம்பித்தது. கலிஃபோர்னியாவும் திறந்தது, ஆனால் 2000-2001 நெருக்கடிக்குப் பிறகு அந்தக் கதவைப் பெரும்பாலும் சாத்திவிட்டது.

சரி, நீங்க எதையும் தேர்ந்தெடுக்கலைன்னா? பெரும்பாலான வீடுகள் அப்படித்தான். அவர்களுக்காக ஒவ்வொரு பிப்ரவரியிலும் மாநில அளவில் ஏலம் நடக்கும். மூணு வருஷ ஒப்பந்தங்கள், வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்கு தேவை மட்டும் ஏலத்துக்கு வரும். புது விலை ஜூன் 1 முதல். வாங்கின விலையைத்தான் பி.எஸ்.இ. அண்ட் ஜி. உங்களிடம் வசூலிக்கும், சப்ளையில் அதற்கு லாபம் இல்லை.

அப்போ 2025 ஜூனில் பில் 17 முதல் 20 சதவீதம் வரை ஏன் ஏறியது? நியூ ஜெர்சி உட்பட 13 மாநிலங்களுக்கும் வாஷிங்டன் டி.சி.க்கும் மின் கட்டமைப்பை நடத்துவது பி.ஜே.எம். என்ற அமைப்பு. தேவை உச்சத்தில் இருக்கும் நாளில் ஓடத் தயாராக இருப்பதற்கென்றே மின் நிலையங்களுக்கு அது தனியாகப் பணம் தரும். ஆன்-கால் அலவன்ஸ் மாதிரி: போன் வந்தாலும் வராவிட்டாலும் காசு உண்டு. 2024 ஜூலை ஏலத்தில் அந்த விலை ஒரு மெகாவாட்டுக்கு, ஒரு நாளைக்கு 28.92 டாலரிலிருந்து 269.92 டாலருக்குத் தாவியது. அடுத்த ஏலத்தில் 329.17. டேட்டா சென்டர்களின் தேவைதான் முக்கியமான காரணம் என்றது பி.ஜே.எம்.-இன் சுயேச்சைக் கண்காணிப்பு நிறுவனம்.

வேறு சப்ளையருக்கு மாறினாலும், அவரும் இதே பி.ஜே.எம். சந்தையில்தான் வாங்கணும், இதே ஆன்-கால் காசை அவரும் கட்டணும். முன்கூட்டியே மலிவாக வாங்கி வைத்திருந்தால் கொஞ்ச நாள் குறைவாகத் தரலாம். ஆனால் சந்தையைவிட்டே தப்பிக்க வழி இல்லை. மாறும்போது முக்கியமாக மாறுவது ஒன்றுதான்: விலை எகிறினால் அந்த அடி யார் தலையில் விழும் என்பது.

எங்க தெருவில் ரிட்டையரான அங்கிள் ஒருத்தர். வாசலில் வந்த பையன் டேப்லெட்டை நீட்டி, "பில்லைக் காட்டுங்க சார், டிஸ்கவுண்ட் இருக்கு" என்றான். இவரும் காட்டினார், கையெழுத்தும் போட்டார். 12 மாதம் ஃபிக்ஸட் ரேட். 13-ஆவது மாதம் அது தானாக வேரியபிள் ஆகிவிட்டது. பில் வருவது பழைய கவரில், பழைய லோகோவோடு. சப்ளை பகுதியில் வேறொரு பெயர் இருந்ததை எட்டு மாதம் யாரும் பார்க்கலை. "கரண்ட் கம்பெனிக்காரன்னுதானே தம்பி நெனச்சேன்" என்றார் அங்கிள்.

2014 ஜனவரிக் குளிரில் மொத்த விலை ஏறியபோது, வேரியபிள் ரேட்டில் இருந்த நியூ ஜெர்சி வீடுகளிலிருந்து புகார்கள் குவிந்தன. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கிரிட்டி என்ற கம்பெனி மொத்தச் சந்தை விலையை அப்படியே வீடுகளுக்குக் கொடுத்தது. பனிப்புயலில் அது யூனிட்டுக்கு 9 டாலர் வரை போனது. சிலருக்கு ஆயிரக்கணக்கில் பில். அடுத்த மாதமே கம்பெனி திவால்.

ஐரோப்பிய யூனியனும் இதே பாடத்தைப் படித்தது. 1996-இல் கரண்டுக்கும் 1998-இல் கேஸுக்கும் முதல் விதிகள், 2007 ஜூலை முதல் எல்லா வீட்டுக்கும் தேர்வுரிமை. 2022-இல் கேஸ் விலை வெடித்த பிறகு 2024-இல் விதிகளைத் திருத்தினார்கள். பெரிய சப்ளையர்கள் ஃபிக்ஸட் விலை ஒப்பந்தம் தந்தாகணும், காலம் முடியும் முன் அதைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. திறந்தால் மட்டும் போதாது, விலை எகிறும்போது வீடுகளுக்குப் பாதுகாப்பும் வேணும் என்பதுதான் அந்தத் திருத்தம்.

நியூ ஜெர்சி நண்பர்களே, இந்த வார இறுதியில் அப்பா அம்மா வீட்டுக்குப் போனால் பில்லை வாங்கிப் பாருங்க.

முதலில், சப்ளை பகுதியில் யார் பெயர்? பி.எஸ்.இ. அண்ட் ஜி. இல்லை என்றால் ஒப்பந்தத்தைத் தேடுங்க. ஃபிக்ஸடா வேரியபிளா, எந்தத் தேதியில் முடியுது, நடுவில் விட்டால் அபராதம் உண்டா என்று படிங்க. அடுத்து, பில்லிலேயே 'பிரைஸ் டு கம்பேர்' என்று ஒரு எண் இருக்கும், ஏலத்தில் வந்த விலை அது. அதைவிட அதிகமாகக் கட்டுகிறார்கள் என்றால், ஏன் என்று கேட்க வேண்டிய நேரம். பழைய ஏல விலைக்குத் திரும்புவதும் ஒரு தேர்வுதான். கேஸ் பில்லுக்கும் இதே வேலையைச் செய்யணும்.

கடைசியா, வாசலில் யார் கேட்டாலும் பில்லைக் காட்ட வேண்டாம்னு சொல்லி வைங்க. சப்ளையர் மாற்றத்துக்கு அவர்களுக்குத் தேவையான அக்கவுண்ட் நம்பர் அதில்தான் இருக்கு.