பத்துமலை முதல் தண்ணீர்மலை வரை

பத்துமலை, ஈப்போ கல்லுமலை, பினாங்குத் தண்ணீர்மலை ஆகிய முருகன் திருத்தலங்களை ஒரே பயணத்தில் தரிசிக்கக் குழுவாகப் புறப்படும் அன்பர்கள் பலர். ஏற்பாட்டாளர்கள் தூரத்தைக் கணக்கிடுகின்றனர், படிகளை மறந்துவிடுகின்றனர். பத்துமலையில் 272 படிகள்; தண்ணீர்மலையில் 500க்கும் மேல். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் வயது முதிர்ந்த தாய்மார்கள் இரண்டாம் மலையின் அடிவாரத்திலேயே தங்கிவிட நேரும். பேருந்தில் காத்திருப்பதற்கா அவர்கள் விரதமிருந்து வந்தனர்?

ஆகவே, முதல் நாள் வெயில் ஏறுமுன் பத்துமலை. 2006இல் திறக்கப்பெற்ற திருவுருவத்தின் முன் படமெடுக்கவே அரைமணி நேரம் கரைந்துவிடும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்க! வழியில் கல்லுமலை, அங்கு நடைசாத்தும் நேரத்தை முன்னரே கேட்டறிதல் நலம். இரவு பினாங்கில் தங்கி, மறுநாள் விடியலில் தண்ணீர்மலை ஏறலாம்.

ஏற இயலாதோர்க்கும் வழியுண்டு. அடிவாரப் பகுதியிலேயே நகரத்தார் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. பின்னர் அனைவருமாகக் கொடிமலை செல்லலாம். 1923இல் தொடங்கிய மலை இரயில், முழங்கால் நோகாமல் உச்சிக்கு அழைத்துச் செல்லும். அங்கும் திருமுருகன் கோயில் கொண்டிருக்கிறான். சிறுவர்களுக்கோ, ஜார்ஜ்டவுன் நகரையும் கடலையும் மேலிருந்து காணும் மகிழ்ச்சி.