நெஞ்சில் நீர் என்றாலே டிபி என்று அர்த்தமில்லை

கோலார் தங்கவயலில் ஒரு குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்து, "நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு" என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டுப் பெரியவர்கள் வாயில் முதலில் வரும் சொல் டிபி. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. தங்கச் சுரங்கத்தில் கல் தூசைச் சுவாசித்து சிலிகோசிஸ் வந்து, அதன் மேல் காசநோயும் சேர்ந்து இருமிய தாத்தாக்களைப் சுரங்கத் தொழிலாளர்களின் பல லைன் வீடுகள் பார்த்திருக்கின்றன. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடிய பிறகும் அந்தப் பயம் போகவில்லை. சிலிகோசிஸ் ஒட்டுவாரொட்டி இல்லை, தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வராது. காசநோய் வரும்.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உள்ளன. அவற்றின் நடுவே வழுவழுப்புக்காக எப்போதும் துளி நீர் இருக்கும். அது பெருகினால் நுரையீரல் விரிய இடம் கிடைக்காது. குழந்தை மேல்மூச்சு வாங்கும், நீர் சேர்ந்த பக்கமாகவே சுருண்டு படுக்கும். டாக்டர் முதுகில் விரல் வைத்துத் தட்டினால் நீர் நிற்கும் இடத்தில் மட்டும் கல்லைத் தட்டியதுபோல் மந்தமாகக் கேட்கும். நீர் இருக்கிறது என்பது இதில் தெரிந்துவிடும். ஏன் வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

காய்ச்சல் எத்தனை நாள்? பாதி விடை இதிலேயே கிடைக்கும். சில நாட்களாகக் கடுங்காய்ச்சல், இருமல், வேக மூச்சு, ஒரு பக்கம் மட்டும் நீர் என்றால் முதல் சந்தேகம் நிமோனியா. குழந்தைகளிடம் அதிகம் காண்பதும் இதுவே. ஆன்டிபயாட்டிக் கொடுத்து 48 மணி நேரமாகியும் காய்ச்சல் இறங்காவிட்டால், நீர் சீழாகிக்கொண்டிருக்கலாம். சீழ் கெட்டியாகித் தடுப்பு தடுப்பாகப் பிரிந்துவிட்டால் குழாய் போட்டாலும் எளிதில் வடியாது. அந்தத் தடுப்புகளை ஸ்கேன் காட்டிக் கொடுக்கும். இந்த நிலையில் டிபி என்று முடிவுகட்டி மாத்திரையைத் தொடங்கி உட்கார்ந்திருப்பதுதான் பெரிய ஆபத்து.

காசநோய் வரும் விதம் வேறு. பெரும்பாலும் பள்ளி செல்லும் வயது; வாரக்கணக்கில் காய்ச்சல், எடை இறக்கம், வீட்டிலோ பக்கத்திலோ ஒருவருக்கு டிபி. நெஞ்சு நீரை ஊசியால் எடுத்தால் வருவது வைக்கோல் நிறத் தெளிந்த நீர். அதில் லிம்போசைட் செல்கள் மிகுந்து, ஏடிஏ என்ற நொதியின் அளவு லிட்டருக்கு 40 யூனிட்டைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். சீழிலும் ஏடிஏ ஏறும் என்பதால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பக்கூடாது. நீரில் கிருமி குறைவாக இருப்பதால், டிபி கிருமியைத் தேடும் சிபிநாட் பரிசோதனை நெகட்டிவ் என்றாலும் டிபி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

வேறு காரணங்களும் உண்டு. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ரத்த நீர் கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் சேர்கிறது. அது பெரும்பாலும் தானே வற்றிவிடும், ஊசி குத்த வேண்டியதில்லை. காலையில் முகம் வீங்கி, சிறுநீர் நுரைத்து, இரு பக்கமும் நீர் சேர்ந்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். இதயக் கோளாறும் இப்படிச் செய்யும். அரிதாக நிணநீர்ப் புற்றுநோய்.

ரத்தத்திலிருந்து வெறுமனே கசிந்த நீரா, அழற்சியால் ஊறிய நீரா என்று பிரிக்க, 1972-இல் ரிச்சர்ட் லைட் தந்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. நீரின் புரதம் ரத்தப் புரதத்தில் பாதிக்கு மேல் இருந்தால் அழற்சி நீர். ஆகவே நீரை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், "பிள்ளைக்கு முதுகுல ஊசியா" என்று மறுக்காதீர்கள். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் வசதி இல்லை என்று கோலாருக்கு அனுப்பினால் அன்றே கிளம்புங்கள்.

டிபி என்று உறுதியானால் அரசு மருந்து இலவசம், வழக்கமாக 6 மாதம். நிமோனியாவுக்கு எதிரான பிசிவி தடுப்பூசியும் இலவசம்தான்: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். கைக்குழந்தை உள்ளவர்கள் தடுப்பூசி அட்டையை எடுத்து இந்த மூன்றும் போட்டாயிற்றா என்று பாருங்கள்.