எலும்புக்கூட்டுக்குத் தசை வைத்த கதை

2023ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 23ஆந் திகதி சீன நாட்டவர் தம் புத்தாண்டுப் பெருநாளின் இரண்டாம் நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தனர். உற்றாரும் உறவினரும் கூடி விருந்துண்டு மகிழும் அவ்வேளையில், பெருந்தொகையான இளைஞருக்கு மட்டும் மனம் விருந்தில் ஒட்டவில்லை. நள்ளிரவு பன்னிரண்டு மணி அடித்ததும், பதினேழு ஆண்டுகளாக அவர்கள் வாழ்ந்து பழகிய ஓர் உலகம் விளக்கணைந்தாற் போல அணைந்துபோக இருந்தது.

அவ்வுலகத்தின் பெயர் ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’. அமெரிக்க நாட்டுப் பிலிஸ்ஸார்ட் கம்பெனியார் ஆக்கியளித்த இணைய விளையாட்டு அது. தாயத்தைப் போலவோ சதுரங்கத்தைப் போலவோ ஓர் ஆட்டம் முடிந்ததும் காய்களை அள்ளி வைத்துவிட்டு எழுந்து போகும் விளையாட்டன்று. ஆடுபவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வீரனையோ மாயாவியையோ படைத்து, அதற்குப் பெயரிட்டு, ஆண்டுக்கணக்கில் ஆயுதமும் கவசமும் தேடிக்கொடுத்து வளர்க்கின்றனர். முகமறியாத பலரோடு சேர்ந்து குழு அமைத்துப் போருக்குப் போகின்றனர். அப்படிப் பழகியவர்களிடையே நட்பு ஏற்படுவது இயல்பன்றோ? ஆகவே அன்றிரவு அணையவிருந்ததை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட அவர்களால் இயலவில்லை.

இத்தனைக்கும் விளையாட்டைத் தடைசெய்யும் கட்டளை எதுவும் பிறக்கவில்லை. பிலிஸ்ஸார்ட் கம்பெனியாருக்கும், சீனாவில் அவர்தம் விளையாட்டுகளை நடத்திவந்த நெட்ஈஸ் கம்பெனியாருக்கும் இடையிலிருந்த ஒப்பந்தம் முடிவுற்றது. புதுப்பிப்பதில் இணக்கம் ஏற்படவில்லை. நடந்தது அவ்வளவே. உலகின் பிற நாடுகளிலெல்லாம் தன் விளையாட்டைத் தானே நடத்தும் ஒரு கம்பெனி, சீனாவில் மட்டும் பங்காளி விலகியதும் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேற நேர்ந்தது ஏன் என்று கேட்டாற்றான் விஷயம் விளங்கும்.

வாயிற் காவலர்

அந்நிய நாட்டுக் கம்பெனி எதுவும் சீனாவில் இணைய விளையாட்டை நேராக நடத்தச் சட்டம் இடங்கொடாது. உள்நாட்டுக் கம்பெனி ஒன்றைத் துணைக்கொண்டே நுழைதல் வேண்டும். அத்துணைவர் விளையாட்டை அரசாங்கத்தின் பதிப்புத்துறை அதிகாரிகளிடம் சமர்ப்பிப்பர். நூல்களுக்கு எண் வழங்குவதுபோல அவர்கள் ஓர் அனுமதி எண் வழங்குவர். அந்த எண் கிடைக்காதவரையில் ஆடுபவரிடம் ஒரு யுவான்கூட அறவிட முடியாது. எண் எப்போது கிடைக்கும் என்பதற்குக் கெடு கிடையாது. 2018ஆம் ஆண்டு மார்ச் தொடங்கி டிசம்பர் வரையிலும், மறுபடி 2021 ஜூலை தொடங்கி 2022 ஏப்ரில் வரையிலும் எவருக்குமே எண் வழங்கப்படவில்லை.

அனுமதி பெறும்பொருட்டு விளையாட்டுகள் அடைந்த உருமாற்றங்களைக் கேட்டால் நகைப்பும் வரும், பரிதாபமும் உண்டாகும். முன்சொன்ன விளையாட்டிலே இறந்தும் நடமாடும் ஓர் இனத்தார் உளர். முழங்காலிலும் முழங்கையிலும் எலும்பு வெளியே துருத்திக்கொண்டிருப்பதே அவர்தம் அடையாளம். 2007ஆம் ஆண்டில் சீனப் பதிப்பில் அவ்வெலும்புகளுக்கெல்லாம் தசை வைத்து மூடினார்கள்! இறந்து வீழ்ந்தோர் கிடந்த இடத்தில் எலும்புக்கூட்டுக்குப் பதிலாகச் சிறு சமாதி தோன்றலாயிற்று. பேயைப் பேயாக இருக்கவிடாமல் உடல்நலம் தேறிய பேயாக்கிவிட்டார்கள்.

அதனினும் விசித்திரம் 2009ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவ்வாண்டில் விளையாட்டு வேறொரு சீனக் கம்பெனியிடமிருந்து நெட்ஈஸ் கைக்கு மாறியது. கலாசார அமைச்சு இசைவு தந்தது. கம்பெனியாரும் கடையைத் திறந்தனர். நவம்பர் மாதத்திலே பதிப்புத்துறையார் குறுக்கிட்டு, மனுவை நிராகரித்துப் பணம் அறவிடுவதை நிறுத்தக் கட்டளையிட்டனர். மறுநாளே கலாசார அமைச்சு, பதிப்புத்துறை தன் அதிகார எல்லையை மீறிவிட்டது எனப் பகிரங்கமாகச் சாடியது. ஒரே அரசாங்கத்தின் இரண்டு அலுவலகங்கள் ஒரு விளையாட்டின் பொருட்டு ஊரறியச் சண்டையிட்ட காட்சி அந்நாட்டில் அடிக்கடி காணக்கிடைப்பதன்று. ‘ராத் ஒஃப் த லிச் கிங்’ என்ற அடுத்த பாகம் பிற நாடுகளில் 2008 நவம்பரில் வெளிவந்தது. சீனத்து ஆட்டக்காரர் அதனைக் கண்டது 2010 ஆகஸ்ட் முடிவில்.

பின்வந்தோரின் அநுபவமும் இத்தகையதே. துப்பாக்கிப் போர் விளையாட்டான ‘பப்ஜி’யைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவந்த டென்சென்ட் கம்பெனி சீனாவிலேயே பெரியது; ஆயினும் அவ்விளையாட்டால் ஒரு காசும் சம்பாதிக்க அனுமதி பெறவில்லை. 2019 மே மாதத்தில் அதை மூடிவிட்டு, ஏறக்குறைய அதேபோன்ற, தேசபக்தி மணங்கமழும் வேறொன்றைத் திறந்தது. அதிலே சுடப்பட்டவன் இரத்தம் சிந்துவதில்லை. மண்டியிட்டுத் தன் உடைமைகளைப் பெட்டியில் வைத்து ஒப்படைத்து, கையசைத்து விடைபெற்று மறைகின்றான். ‘ஃபோர்ட்நைட்’ என்னும் பிறிதொரு விளையாட்டு மூன்றாண்டுகள் காத்திருந்தும் அனுமதி வராமையால் 2021 நவம்பர் 15ஆந் திகதி சீனாவிலிருந்து விலகிக்கொண்டது.

ஸ்டீம் என்னும் அமெரிக்க இணையக் கடையின் கதை வேறு வகையினது. பல்லாயிரம் விளையாட்டுகளை விற்கும் அக்கடை, 2021 பெப்ரவரியில் சீனாவுக்கெனத் தனிக்கிளை திறந்தபோது அடுக்கில் இருந்தவை ஏறத்தாழ ஐம்பது மட்டுமே. ஆனால் உலகக் கடைக்குள் புகுவதற்கு வழி கண்டுகொண்ட சீனர் தொகை சிறிதன்று. அக்கடையைப் பாவிப்போரின் மொழிகளில் சீனம் முதலிரு இடங்களுள் ஒன்றில் நிற்கின்றது. அங்கும் அபாயம் இல்லாமலில்லை. 2019 பெப்ரவரியில் தாய்வான் நாட்டுச் சிறு குழுவொன்று வெளியிட்ட ‘டிவோஷன்’ என்ற விளையாட்டில், சுவரில் ஒட்டிய மந்திரத்தாள் ஒன்று சீன அதிபரைக் கரடிப் பொம்மையோடு ஒப்பிட்டுக் கேலிசெய்வதை யாரோ கண்டுபிடித்துவிட்டனர். சில தினங்களில் விளையாட்டு கடையிலிருந்து மறைந்தது. குழுவினர் மன்னிப்புக் கோரினர். ஆயினும் சீனாவில் அதனை வெளியிட்ட கம்பெனியின் அனுமதிப்பத்திரம் அவ்வாண்டிலேயே பறிபோயிற்று. ஒரு தாள் ஒரு கம்பெனியை விழுங்கிற்று.

வெள்ளி இரவு எட்டு மணி

இவ்வளவையும் வாசிக்கும் பெற்றார், “கொலையும் இரத்தமும் குறைந்தால் நல்லதுதானே” என்று எண்ணுவர். உண்மையில் சீன அரசாங்கத்தின் கெடுபிடிக்குப் பெற்றாரின் முறைப்பாடே பெருங்காரணமாயிற்று. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டிகளை 2000ஆம் ஆண்டிலேயே தடைசெய்ததும் பிள்ளைகளின் நலத்தை முன்னிட்டே. தடை 2015இலேதான் முற்றாக நீங்கியது. அதற்கிடையில் பிள்ளைகள் ஓய்ந்திருந்தார்களா? பெட்டி இல்லாத இடத்தில் இணைய விளையாட்டுக் கூடங்கள் பெருகின; ஒருவாறு முடிந்துபோகும் ஆட்டங்களுக்குப் பதிலாக முடிவேயில்லாத ஆட்டங்கள் அவர்களைப் பற்றிக்கொண்டன.

2019ஆம் ஆண்டு நவம்பரில் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குச் சாதாரண நாட்களில் ஒன்றரை மணி நேரமும், விடுமுறை நாட்களில் மூன்று மணி நேரமும் விதிக்கப்பட்டன. இரவு பத்து மணிக்குமேல் ஆடலாகாது. எட்டு வயது முதல் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை மாதமொன்றுக்கு 200 யுவானுக்குமேல் செலவிடலாகாது. 2021 ஆகஸ்ட் ஆரம்பத்தில் அரசாங்கச் சார்புப் பத்திரிகையொன்று இவ்விளையாட்டுகளை மனத்துக்கு ஊட்டும் அபினி எனக் கண்டித்தெழுத, டென்சென்ட் பங்குகள் அன்றைக்கே சரிந்தன. அபினி என்ற சொல் சீனச் சரித்திரத்தில் எத்தகைய புண்ணைக் கிளறும் என்பதை வாசகர் அறிவர். அம்மாத முடிவிலேயே புதுச்சட்டம் வந்தது: வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை ஆகிய நாட்களில் மாத்திரம், இரவு எட்டு முதல் ஒன்பது வரை.

நானும் முதலில் இதனை மெச்சினேன். பரீட்சைக்குப் படிக்கவேண்டிய பிள்ளை கைத்தொலைபேசியோடு போர்வைக்குள் கிடப்பதைக் கண்ட எவர்தாம் மெச்சார்? ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்த விதத்தை எண்ணிப் பார்க்கும்போது அந்த மகிழ்ச்சி அவ்வளவாக நிலைக்கவில்லை. பிள்ளை யாரெனக் கண்டுபிடிக்க எல்லாருமே தம் அடையாள இலக்கத்தைக் கொடுத்தல் வேண்டும். நள்ளிரவில் நெடுநேரம் ஆடுபவர் கமராவுக்கு முகங்காட்டல் வேண்டும். 2021 செப்டெம்பரில், அறுபது வயதினர் ஒருவரின் பெயரிலுள்ள கணக்கு அதிகாலை மூன்று மணிக்கு எதிரிகள் ஐவரையும் அடுத்தடுத்து வீழ்த்திய செய்தி பரவிச் சீன மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர். பேரனின் கைவரிசை என்றே யாவரும் எண்ணினர். முகப் பரிசோதனையில் அக்கணக்கு பலமுறை தேறியதாகக் கம்பெனியார் பதிலளித்தனர். முகங்காட்டியவர் முதியவரேயாயினும் விளையாடியவர் யார் என்று கமரா சொல்லவில்லை!

இனி, அந்தப் புத்தாண்டு இரவுக்கு வருவோம். மூடுவதற்குச் சில தினங்கள் முன்பு, தத்தம் வீரர்களின் விபரங்களைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள ஆட்டக்காரருக்கு வசதி செய்யப்பட்டது. ஹாங்சோ நகரிலுள்ள நெட்ஈஸ் தலைமையகத்தின் முன் நின்ற மாபெரும் கோடரிச் சிலையை ஊழியர் உடைத்தெறிவதை இணையத்திலே நேரடியாகக் காட்டினர். ‘பிலிஸ்ஸார்ட் பச்சைத் தேநீர்’ என ஒரு பானமும் அங்கே விற்பனைக்கு வந்தது. பச்சைத் தேநீர் என்பது சீன வழக்கில் வெளியே அப்பாவித்தனமும் உள்ளே வஞ்சமும் உடையவரைக் குறிக்கும் வசைமொழி. பங்காளிச் சண்டை எந்த நாட்டிலும் ஒரே மாதிரித்தான் போலும்.

பிலிஸ்ஸார்ட்டின் தாய்க் கம்பெனியை மைக்ரோசொஃப்ட் 2023 ஒக்டோபரில் வாங்கியது. 2024 ஏப்ரிலில் பழைய பங்காளிகள் மீண்டும் கைகோத்தனர். ஆகஸ்ட் மாதம் முதலாந் திகதி அவ்வுலகம் மறுபடி திறந்தது. ஒன்றரை ஆண்டுக்கு முன் விட்டுச்சென்ற வீரர்கள் விட்ட இடத்திலேயே நின்றனர்.

2005ஆம் ஆண்டில் பதினைந்து வயதுச் சிறுவனாக அதனுள் நுழைந்தவனுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. அவன் விரும்பிய நேரத்தில் விரும்பியமட்டும் ஆடலாம். அவனுக்கொரு பிள்ளை இருக்குமாயின், அப்பிள்ளை வெள்ளி இரவு எட்டு மணி வரை காத்திருத்தல் வேண்டும்.