சிரிக்காத வகுப்பறை

பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்பு தொடங்கும் வாரத்தில் ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொருவராக எழுந்து ஆங்கிலத்தில் தம்மை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்குத் தன் முறை வர இன்னும் நாலு பேர் இருக்கும்போதே உள்ளங்கை வியர்த்துவிடும். பெயர், ஊர், அப்பா செய்யும் வேலை, 'மை ஹாபீஸ் ஆர்...' என்று முந்தின இரவே மனப்பாடம் செய்த வரிகள்தான். பாதியில் தடுக்கும். பின்வரிசையில் யாரோ சிரிப்பார்கள். அன்று உட்கார்ந்த பிள்ளை அதன்பிறகு சந்தேகம் கேட்க எழுவதில்லை. செமினாருக்குப் பெயர் கொடுப்பதில்லை. கேம்பஸ் இன்டர்வியூவில் குரூப் டிஸ்கஷன் என்றாலே ஒதுங்கிப் போகிறது.

'கூச்ச சுபாவம்' என்று சொல்லி இதை முடித்துவிடுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே பையன் ஹாஸ்டலில் கிரிக்கெட் நடக்கும்போது மூச்சுவிடாமல் பேசுகிறான். ஊர்த் திருவிழாவில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டான்.

எலைன் ஹார்விட்ஸும் உடன் ஆய்வாளர்கள் இருவரும் 1986-இல் அமெரிக்காவில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மொழி வகுப்பில் வரும் பயம் தனி வகை. மற்ற இடங்களில் தெளிவாக இருப்பவரையும் அது பிடிக்கும் என்றார்கள். அதை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாப்பட்டியலும் தந்தார்கள். பேசத் தயங்குவது, தேர்வு பயம், அடுத்தவர் நம்மைக் குறைவாக எடைபோடுவார்களோ என்ற அச்சம் ஆகியவற்றோடு அந்தப் பயத்தைத் தொடர்புபடுத்தினார்கள்.

நம் ஊரில் இந்த மூன்றாவதுதான் ஆளையே முடக்கிவிடுகிறது. ஆங்கிலத்தைத் தப்பாகப் பேசினால் படிப்பு, குடும்பம், ஊர் எல்லாவற்றுக்கும் சேர்த்து மார்க் போட்டுவிடுகிறோம். சரியாகப் பேசினாலும் விடுவதில்லை. 'பீட்டர் விடுறான் பாரு' என்று கூட்டாளிகளே கலாய்ப்பார்கள். இரண்டு பக்கமும் அடி விழும்போது வாயை மூடிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று ஒரு பிள்ளை முடிவு செய்தால், அதில் என்ன தவறு?

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்ப் பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் பேசும் தமிழில் வேற்றுமை உருபு இருக்காது, காலம் மாறி வரும். 'அண்ணா, நூல் காலி, பீஸ் நிக்குது' என்றால் நூல் வந்துவிடும். யாரும் இலக்கணம் கேட்பதில்லை. சொன்னது புரிந்தது, வேலை நடந்தது என்பதே அடுத்த வாக்கியத்துக்குத் தைரியம் கொடுக்கிறது. வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போன நம் ஆட்கள் இந்தியும் அரபியும் பிடித்ததும் இப்படித்தான்.

இன்னொரு வகுப்பறையும் இருக்கிறது. நர்சிங் முடித்த பெண்கள் ஜெர்மனி வேலைக்காக ஜெர்மன் படிக்கிறார்கள். அங்கே நர்ஸாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 நிலை வரை தேற வேண்டும், சின்ன வேலையல்ல. தொடக்க நிலையான ஏ1 வாய்மொழித் தேர்வு எப்படித் தொடங்குகிறது தெரியுமா? சுய அறிமுகத்தோடுதான். பெயர், வயது, ஊர், தெரிந்த மொழிகள், தொழில், பொழுதுபோக்கு. பிறகு ஒரு சொல்லை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள், ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வார்கள். கல்லூரியில் எந்த அறிமுகத்துக்கு நடுங்கினார்களோ, ஏறக்குறைய அதே அறிமுகம். இங்கே அந்த நடுக்கம் பெரிதும் குறைந்துவிடுகிறது. எல்லாரும் பூஜ்யத்தில் தொடங்கியவர்கள். கான்வென்ட்டில் படித்தவருக்கும் அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் ஜெர்மன் ஒரே அளவுதான் தெரியாது. பழைய அவமானம் எதுவும் அந்த மொழியில் ஒட்டியிருக்கவில்லை.

பிறகு கற்ற மொழியில் உணர்ச்சிச் சொற்களின் கனம் குறைவாக இருப்பதாகப் பலமொழி பேசுவோர் பலர் சொன்னதை மொழி ஆய்வாளர் ழான் மார்க் டெவேல் பதிவு செய்திருக்கிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் அளித்த ஆய்வு அது. தாய்மொழியில் கேட்கத் தயங்குவதைப் புது மொழியில் சிலர் சட்டென்று கேட்டுவிடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அந்தத் துணிச்சல் பழைய மொழிக்கும் திரும்பி வரும் என்றே நான் நம்புகிறேன்.

தமிழ்நாட்டில் 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அவர்கள் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இவ்வளவு செய்து உள்ளே கொண்டுவந்த பிள்ளையை முதல் வாரச் சிரிப்பு ஒன்று ஊமையாக்க விடலாமா? அந்த அறிமுகச் சடங்கை முதல் மாதம் நிறுத்தி வையுங்கள். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, தெரிந்த விஷயத்தைப் பேசவிடுங்கள்: வீட்டு போர்வெல் மோட்டாரை எப்படி இறக்கினார்கள், மாமாவின் பட்டறையில் லேத் எப்படி ஓடுகிறது என்று. நடுவில் தமிழ் வந்தால் வரட்டும். பேசி முடிக்கும் வரை ஆசிரியர் திருத்த வேண்டாம். முடித்த பிறகு, தனியாகக் கூப்பிட்டு, ஒரே ஒரு பிழையைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.