கொசஸ்தலைக் கற்களும் எழும்பூர்க் கண்ணாடிப் பெட்டிகளும்

இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் என்றதும் பாடம் செய்த புலியும் கூரையளவு நீண்ட திமிங்கல எலும்புக்கூடும் பலருக்கு நினைவுக்கு வரும். பார்வையாளர் கண்ணில் படுவது அந்தச் சேகரிப்பின் சிறு பகுதிதான். மற்றதெல்லாம் இருப்பு அறைகளில் இருக்கிறது: இழுப்பறைகளில் ஊசி குத்திய பூச்சிகள், தாளில் ஒட்டிய செடிகள், ஆல்கஹாலில் ஊறும் மீன்கள், மரப்பெட்டிகளில் கற்கள். ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு இருக்க வேண்டும். எந்த ஊரில், எந்த நாளில், யார் எடுத்தது என்று அது சொல்ல வேண்டும். அந்தச் சீட்டு தொலைந்துவிட்டால் பறவை அலங்காரப் பொருளாகிவிடும். கல் வெறும் கல்லாகிவிடும். இத்தகைய சேகரிப்புகளால் இன்றைய பொதுமக்களுக்கு என்ன பயன் என்ற கேள்விக்குத் திருத்தணி வட்டாரம் தெளிவான ஒரு விடையை வைத்திருக்கிறது.

திருத்தணி மலையடிவாரத்தில் ஓடும் நந்தியாறு கொசஸ்தலை ஆற்றில் கலக்கிறது. அந்த நீர் பூண்டி ஏரிக்குப் போய், சென்னைக்குக் குடிநீராகிறது. மழைக்காலம் தவிர மற்ற நாள்களில் மணலும் கூழாங்கல்லுமாகக் கிடக்கும் இந்தப் படுகையில், பூண்டியை அடுத்த அல்லிக்குளி மலைப்பகுதியைச் சுற்றி, உலகத் தொல்லியல் நூல்களில் இடம்பெற்ற அத்திரம்பாக்கமும் குடியம் குகைகளும் இருக்கின்றன. முருகன் கோயிலுக்கு 365 படிகள் ஏறிப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு, கீழே தெரியும் சமவெளியின் ஆறு எப்படிப்பட்ட ஆறு என்பது தெரியாது. அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைச் சொல்லும் பொருள்கள் அங்கே இல்லை. 85 கிலோமீட்டர் தள்ளி, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

எழும்பூர் அருங்காட்சியகம் கற்களில்தான் தொடங்கியது. மதராஸ் இலக்கியச் சங்கம் தன்னிடமிருந்த ஏறக்குறைய 1,100 நிலவியல் மாதிரிகளைக் கொடுக்க, 1851-இல் கல்லூரிச் சாலையில் இருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் அது திறக்கப்பட்டது. பொறுப்பேற்றவர் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர். 1854-இல் அது எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு இடம் மாறியது. அடுத்த ஆண்டே பால்ஃபர் அங்கே உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். கூட்டம் பெருகியது. அந்த விலங்குக் காட்சிதான் பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், கடைசியில் வண்டலூர் உயிரியல் பூங்காவானது. அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக் காட்சியை 'உயிர் காலேஜ்' என்றும் சென்னை மக்கள் பல தலைமுறைகளுக்கு அழைத்தார்கள். காணும் பொங்கலன்று வண்டி கட்டிக்கொண்டு வந்த குடும்பங்களுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே நாளின் கொண்டாட்டமாக இருந்தன.

அந்தச் சேகரிப்புக்குக் கொசஸ்தலைக் கற்களைக் கொண்டுவந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் அலுவலர். 1863 மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் சரளை வெட்டிய குழியில் மனிதன் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அது. நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 28-ஆம் நாள், அவரும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் அதே வகைக் கருவிகளைக் குவியலாகக் கண்டார்கள். ஃபுட்டின் அலுவலக வேலை பாறைகளை வரைபடத்தில் குறிப்பது. பாலாற்றுக்கு வடக்கே மதராஸ், வட ஆர்க்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவியல் பற்றிய அவருடைய அறிக்கை 1873-இல் வெளிவந்தது. திருத்தணி அப்போது வட ஆர்க்காட்டைச் சேர்ந்த ஊர்.

ஃபுட் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தென்னிந்தியாவெங்கும் திரட்டியவற்றை 1904-இல் மதராஸ் அரசு அருங்காட்சியகத்துக்காக விலைக்கு வாங்கியது. அவர் எழுதிய விளக்க அட்டவணை அவர் இறந்தபின் 1914-இல் அச்சாகியது. குறிப்புகள் 1916-இல் வந்தன. 459 இடங்களில் கிடைத்த பொருள்கள் அந்த அட்டவணையில் இடம் இடமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுப் பதிவாகியிருக்கின்றன. இந்தப் பதிவு மட்டும் இல்லாவிட்டால் மீதியிருப்பது சில வண்டிச் சுமை கல்தான்.

அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதில் வேலைப்பாடு தெரியும். குவார்ட்சைட் என்னும் கெட்டியான பாறை. உள்ளங்கையை நிறைக்கும் அளவு. ஒரு முனை கூர்ந்து, மறுமுனை பிடிக்கத் தோதாகத் தடித்து, வாதுமைப் பருப்பின் வடிவில் இருக்கும். இரு முகங்களிலும் ஆழமில்லாத குழிவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு குழிவும் இன்னொரு கல்லால் ஓங்கித் தட்டியபோது தெறித்த ஒரு சில்லின் தடம். எந்தக் குழிவு எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்தால், எந்த அடி முதலில் விழுந்தது, எது பிறகு விழுந்தது என்பதையும் வரிசைப்படுத்திவிடலாம். இதைச் சொல்லிக்கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்ளும். சொல்லாவிட்டால் கண்ணாடிக்கு அப்பால் அது ஒரு பழுப்புக் கல். மூன்று நொடியில் கடந்துபோய்விடுவார்கள்.

ஃபுட் எழுதிவைத்த இடக் குறிப்புகள் பின்னால் வந்தவர்கள் எல்லாருக்கும் தொடக்கப் புள்ளியாயின. வி.டி. கிருஷ்ணசுவாமியும், 1960-களில் கே.டி. பானர்ஜியும் அத்திரம்பாக்கத்தில் ஆய்வு செய்தார்கள். 1999 முதல் சென்னையின் சர்மா மரபுக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே அகழ்ந்தார்கள். களிமண் அடுக்குகளில் கருவிகளோடு விலங்குப் பற்களின் புதைபடிவங்களும் குளம்புத் தடங்களும் கிடைத்தன. அண்டக் கதிர்களால் கல்லுக்குள் உண்டாகும் கதிரியக்க அணுக்களின் அளவைக் கொண்டும், மண்ணில் பதிந்த புவிக்காந்தத் திசையைக் கொண்டும் காலம் கணித்தபோது, அடி அடுக்குக் கருவிகளின் சராசரி வயது 15 லட்சம் ஆண்டு என்று வந்தது. 2011-இல் 'சயின்ஸ்' இதழில் அது வெளியானது. இந்தியாவில் கைக்கோடரிகள் தோன்றிய காலம் பற்றிய பழைய கணக்கை அந்த முடிவு வெகுவாகப் பின்னுக்குத் தள்ளியது. மேலடுக்குகளில் உள்ள சிறிய, நுட்பமான கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டதாக 2018-இல் 'நேச்சர்' இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. செய்தவர்களின் எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. நம் இனமான மனிதன் உருவாவதற்கு வெகு முன்னால், இந்த ஆற்றோரத்துக்குப் பெரிய கற்சில்லுகளைத் தூக்கிவந்து செதுக்கியவர்கள் யார் என்பது இன்னும் திறந்திருக்கும் கேள்வி.

ஒரு சேகரிப்பு ஏன் விடாமல் காக்கப்பட வேண்டும் என்பதற்கு எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு சான்று உண்டு. ஆந்திரத்தின் கடப்பைப் பகுதிப் புதர்க்காடுகளில் வாழும் ஜெர்டன் கோர்சர் என்ற பறவையைத் தெலுங்கில் கலிவிக்கோடி என்கிறார்கள். மதராஸ் படையின் மருத்துவராக இருந்த டி.சி. ஜெர்டன் கண்டறிந்த அதை, விலங்கியலாளர் எட்வர்டு பிளைத் 1848-இல் விவரித்தார். 1900-க்குப் பிறகு எவரும் பார்த்ததாகப் பதிவு இல்லாமல், அழிந்ததாகவே கருதப்பட்டு, 1986-இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் முட்டை எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கிடந்த ஒரு முட்டை அந்தப் பறவையினுடையது என்று 2013-இல் உறுதியானது. கோலார் தங்கவயலில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் ஒருவர் 1917-இல் எடுத்துவைத்தது அது. வேறோர் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய பறவைத் தோலின் மரபணுவோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்தார்கள். எடுத்தவருக்கு மரபணுச் சோதனை என்றால் என்னவென்று தெரிந்திருக்க வழியில்லை. முட்டையும் தோலும் பத்திரமாக இருந்ததால், நூறாண்டு கழித்து வந்த கேள்விக்கு விடை கிடைத்தது.

அருங்காட்சியகத்துக்கும் மக்களுக்கும் இருந்த உறவு எப்போதும் நல்லதாக இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1885 முதல் எழும்பூரில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் கடல் உயிரினங்கள் பற்றிச் சிறந்த ஆய்வுகள் செய்தவர். அவரே மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து சாதி சாதியாக வகைப்படுத்தியவரும்கூட. அருங்காட்சியகத்தைப் பார்க்க வந்தவர்களையும் அவர் அளவுகோல் விடவில்லை. பார்க்க வந்த மனிதரையே மாதிரியாக நினைத்த காலம் அது. பார்வையாளரைக் கேள்வி கேட்கக்கூடியவராக, தகவல் தரக்கூடியவராக நடத்துவதுதான் இன்று உலகெங்கும் அருங்காட்சியகங்கள் முயலும் மாற்றம்.

அந்த மாற்றத்துக்குக் கண்காட்சிகளும் தொடுதிரைகளும் உதவும். அவற்றைவிட வலிமையான ஒன்று, பொருளும் அது கிடைத்த இடமும் சந்திப்பது. 1985-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை பூண்டியில் அமைத்த அகழ்வைப்பகம் இதைத்தான் செய்கிறது. கருவிகளை அங்கே பார்த்துவிட்டு வெளியே வந்தால் அதே ஆறு, அதே மலை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கல்லின் பாறை வகையைச் சில கிலோமீட்டருக்குள் தரையிலேயே காட்டிவிடலாம். எழும்பூரின் பிரம்மாண்டத்தால் இதைக் கொடுக்க முடியாது. சர்மா மையம் அகழாய்வோடு நிறுத்திக்கொள்ளாமல் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பட்டறைகள் நடத்தியதும் இந்த வழியில்தான். கல்லைத் தட்டிப் பார்த்த பிள்ளைக்கு, சரியான கோணத்தில் ஒரு சில்லை எடுப்பது எவ்வளவு கடினம் என்பது கையிலேயே புரிந்துவிடுகிறது.

திருத்தணிக்கு இந்த வகையில் எதுவும் வந்து சேரவில்லை. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் இந்த ஊர் தமிழகத்தோடு இணைந்த கதை தெரியும். குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் என்பதும் தெரியும். தன் ஆற்றுப் படுகை மனித வரலாற்றின் மிகப் பழைய சான்றுகளில் சிலவற்றை வைத்திருக்கிறது என்பதைச் சொல்ல ஒரு பலகைகூட இல்லாதது பெரிய இழப்பு. ஆடிக்கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் திரளும் மக்களில் தமிழரும் இருக்கிறார்கள், தெலுங்கரும் இருக்கிறார்கள். இரு மொழியிலும் எழுதிய நான்கு பலகைகளும், தொட்டுப் பார்க்கத்தக்க இரண்டு வார்ப்பு நகல்களும், நந்தியாறு பூண்டிக்குப் போகும் வழியைக் காட்டும் ஒரு வரைபடமும் போதும். அரசு கலைக் கல்லூரியிலோ ரயில் நிலையத்திலோ வைக்கலாம். பெரிய கட்டடம் கட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மூலப் பொருள்களைப் பல இடங்களுக்கு அனுப்புவது ஆபத்து. ஒரே இடத்தில் குவிப்பதிலும் ஆபத்து உண்டு. 1978-இல் திறந்த டெல்லி தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரல் 26 அதிகாலையில் தீக்கிரையானது. 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, அதன் சேகரிப்புகளில் பெரும்பகுதி ஓர் இரவில் போயிற்று. படம் பிடித்து, முப்பரிமாணத்தில் பதிந்து, இணையத்தில் ஏற்றுவது இதற்கு ஓரளவு காப்பு. படத்தோடு ஊர்ப் பெயரைத் தமிழில் தேடும்படி ஏற்றினால்தான் பயன் கிராமத்துக்கு வந்து சேரும். தன் ஊர்ப் பெயரைத் தட்டியதும் அங்கே கிடைத்த கல்லும் பறவையும் செடியும் திரையில் வர வேண்டும். ஃபுட் ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப் பெயர்களை இன்றைய பெயர்களோடு பொருத்தும் வேலைக்கு அந்தந்த ஊர்க்காரர்களைவிடத் தகுதியானவர் இல்லை. மக்கள் பங்கேற்பு என்பதற்கு இதைவிட உருப்படியான வேலையும் இல்லை.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை; திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து பக்கம்தான். பூண்டி அகழ்வைப்பகத்துக்குத் திருவள்ளூர் வழியாகப் போகலாம். இந்தப் படுகையில் கிணறு வெட்டும்போதோ வயலில் உழும்போதோ செதுக்கிய கல் தென்பட்டால் அதை எடுத்துப் போகாமல், கிடந்த நிலையிலேயே பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, ஊர்ப் பெயர், புல எண், எவ்வளவு ஆழம், என்ன தேதி என்று குறித்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.