பஞ்சு இருந்த வீடு

விடியற்காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும் சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் ஓடி வந்து என் புடவைக் கொசுவத்தைப் பிடித்து இழுப்பான். இப்போதும் பாக்கெட்டைக் கத்தரித்ததும் என்னையறியாமல் கீழே பார்க்கிறேன். 2023 மார்ச்சில் எங்கள் பஞ்சு போய்விட்டான். "பூனைதானே, வேற ஒண்ணு வளர்த்தா போச்சு!" என்றவர்கள் உண்டு. பூனை வளர்த்த சகோதரிகளுக்கு என் மனசு புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

2006 நவம்பர் மழையில், சைதாப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டு மாடிப்படிக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தான். என் பெண்ணுக்கு அப்போது 5 வயது. பாவாடையில் சுருட்டி எடுத்து வந்து, "பஞ்சு மாதிரி இருக்கும்மா, பேரும் பஞ்சு" என்று அவளே பெயர் வைத்துவிட்டாள். வந்ததே வம்பு! என் மாமனார் பெயரும் அப்படித்தான் ஆரம்பிக்கும். என் மாமியாரோ கணவர் பெயரை வாயால் சொல்லாத அந்தக் காலத்து மனுஷி. "தாத்தா பேரைப் பூனைக்கு வச்சுக் கூப்பிடறதாவது!" என்று குதித்தார்கள். மாமா மட்டும், "எனக்கு வாரிசு வந்தாச்சு" என்று சிரித்தார். அத்தை கடைசி வரை அவனை "வெள்ளையா", "இந்தாடா" என்றே கூப்பிட்டார்கள்.

சாப்பாடுதான் பெரிய பிரச்னை. எங்கள் வீடு சுத்த சைவம். தயிர்சாதமும் பாலும் போட்டு வளர்த்தேன். அடிக்கடி பேதி. வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடைக் கல்லூரி இருக்கிறதே, அங்கே தடுப்பூசி போடக் கொண்டுபோனபோது டாக்டரிடம் கேட்டேன். "வளர்ந்த பூனைகள் நிறையவற்றுக்குப் பால் ஜீரணமாகாதும்மா. அதோட இது மாமிச ஜாதி. டாரின் என்று ஒரு சத்து மீனிலும் இறைச்சியிலும்தான் கிடைக்கும். அது இல்லேன்னா கண் கெடும், இருதயம் வீங்கும்" என்றார். டாரின் குறைவுதான் பூனைகளின் இருதய நோய்க்கு ஒரு காரணம் என்று 1987-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்களாம். சைவம் நம்முடைய கொள்கை, பூனைக்கு ஏது கொள்கை? அன்றிலிருந்து மீன்காரம்மாவிடம் இரண்டு மத்தி வாங்குவேன். கொல்லைப்புறம் ஒரு தனி ஸ்டவ். உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்து, முள்ளை எடுத்துப் போடுவேன். தெருவில் "சைவக்காரங்க வீட்டிலே மீன் வாசனை" என்று பேசினார்கள். பேசட்டுமே! அத்தை இரண்டு மாதம் கொல்லைப்பக்கமே வரவில்லை.

2009-ல் பிள்ளை உண்டானபோதுதான் நிஜமான சோதனை. பூனை இருக்கிற வீட்டில் கர்ப்பிணி இருந்தால் குழந்தைக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "கோணியில் கட்டி மார்க்கெட்டில் விட்டுடு" என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றார்கள். எனக்கும் பயம். பெண்ணோ பூனையைக் கட்டிக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்த லேடி டாக்டர் பொறுமையாக விளக்கினார். டாக்ஸோப்ளாஸ்மா என்று ஒரு கிருமி. பூனையின் மலத்தில் வரலாம். கர்ப்பிணிக்கு முதன்முறையாகத் தொற்றினால் வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும் என்பது நிஜம்தான். ஆனால் பூனையைத் தடவுவதால் வருவது அல்ல அது. வெளியே வந்த கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால் மணல் தட்டைத் தினமும், கர்ப்பிணி அல்லாத வேறு யாராவது சுத்தம் செய்துவிட வேண்டும். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, வெறுங்கையோடு தோட்ட மண்ணைக் கிளறுவது, இவற்றாலும் அதே கிருமி வரும். "பூனையை விரட்டிட்டு, கீரையைக் கழுவாம சாப்பிட்டா என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார் அவர். இளம் தாய்மார்கள் இதை உங்கள் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். என்னவர் பத்து மாதமும் முகத்தைச் சுளித்துக்கொண்டே மணல் தட்டைக் கழுவினார். பையன் நல்லபடியாகப் பிறந்தான்.

ஒருமுறை பஞ்சுவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார், "அரை பாராசிட்டமால் கொடு, குழந்தைக்குக் கொடுக்கிறதில்லையா?" என்றார். மாத்திரையை உடைத்தும் விட்டேன். எதற்கும் கேட்போமே என்று போன் செய்தேன். "ஐயோ, கொடுத்துடாதீங்க!" என்று டாக்டர் போனிலேயே அலறிவிட்டார். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கும் சக்தி கிடையாதாம். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், ஒரே மாத்திரையில் உயிர் போகலாமாம். இன்றைக்கு நினைத்தாலும் கை நடுங்குகிறது.

2012-ல் மாமா காலமானார். அவருடைய சாய்வு நாற்காலியில் யாரும் உட்காரவில்லை, பஞ்சுவைத் தவிர. அத்தை அவனை விரட்டுவார்கள் என்று பார்த்தேன். விரட்டவில்லை. பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்து அதில் போட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்த ராத்திரி, பட்டுப்புடவைப் பெட்டியை விட்டுவிட்டு அத்தை மாடிக்குத் தூக்கிப்போனது காய்கறிக் கூடையில் உட்கார்ந்திருந்த அவனைத்தான்!

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். 2021 கடைசியில் அவன் தண்ணீர் நிறையக் குடித்தான். மணல் தட்டு அடிக்கடி நனைந்தது. உடம்பு இளைத்தது. "வயசாச்சு இல்லே" என்று விட்டுவிட்டேன். சாப்பாட்டை ஒதுக்கியதும்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. வயதான பூனைகளுக்கு அதிகமாக வரும் நோய் இது. மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பிறகுதான் வெளியே தெரியுமாம். தண்ணீர் அதிகம் குடிக்கிறதே என்று அன்றே போயிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பானோ என்னவோ.

அதற்கப்புறம் 14 மாதம். ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் ஸலைன் ஏற்ற வேண்டும். ஊசியைப் பார்த்தாலே மயங்கும் என்னவர் அதைக் கற்றுக்கொண்டார். பையன் பிடித்துக்கொள்வான். நான் காதுக்குப் பின்னால் வருடிக்கொண்டிருப்பேன். பெங்களூரில் வேலைக்குப் போய்விட்ட பெண், வீடியோவில் அந்த நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவாள்.

கடைசி வாரம் தண்ணீர்கூட இறங்கவில்லை. வாய் முழுக்கப் புண். "இனிமே வேதனைதாம்மா. ஊசி போட்டுத் தூங்க வச்சுடறதுதான் நல்லது" என்றார் டாக்டர். "உசிரை எடுக்க நாம யாரு?" என்று அழுதான் பையன். என்னாலும் முடிவெடுக்க முடியவில்லை. இரண்டு ராத்திரி அவன் முனகியதைக் கேட்டுக்கொண்டு கூடத்திலேயே படுத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அத்தை புடவை மாற்றிக்கொண்டு வந்து, "ஆட்டோவைக் கூப்பிடு" என்றார்கள். 82 வயசில் அவர்களும் கூட வந்தார்கள்.

முதலில் மயக்க ஊசி போட்டார்கள். என் மடியில்தான் இருந்தான். அத்தை குனிந்து, அவன் நெற்றியைத் தொட்டு, "பஞ்சு... போய்ட்டு வாப்பா" என்றார்கள். 16 வருஷத்தில் முதல் தடவை அந்தப் பெயரைச் சொன்னார்கள். மடியில் கனம் மாறியதைத்தான் உணர்ந்தேன்.

வீட்டுக்காரரிடம் கேட்டு, கொல்லையில் செம்பருத்திக்குப் பக்கத்தில் ஆழமாகக் குழி தோண்டி, உப்பும் மஞ்சளும் போட்டு அடக்கம் செய்தோம். எனக்கு ஒரு மாதம் சமையல் ஓடவில்லை. ஆனால் யாரிடம் சொல்லி அழுவது? வீட்டில் பூனை செத்தால் பழைய எகிப்தியர்கள் புருவத்தைச் சிரைத்துக்கொண்டு துக்கம் காத்தார்களாம். ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்கர் எழுதி வைத்திருக்கிறார். நல்ல வழக்கம்தான்; யாரும் வந்து "ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்க மாட்டார்கள் பாருங்கள்! அந்த நாட்களில் பையன்தான் அவன் போட்டோக்களையெல்லாம் ஓர் ஆல்பத்தில் ஒட்டினான். ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம், அழுதோம், மீன் திருடிய கதை வந்ததும் சிரித்தோம். அதற்கப்புறம் கொஞ்சம் தூக்கம் வந்தது.

மீன்காரம்மா பழக்கத்தில் இன்னமும் எங்கள் வாசலில் கூடையை இறக்கிவிடுவாள். ஒருநாள், "ரெண்டு மத்தி வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குப் பதில் வரவில்லை. உள்ளேயிருந்து அத்தையின் குரல்தான் வந்தது:

"வச்சுட்டுப் போம்மா. ரெண்டு நாளா கருப்பா ஒண்ணு மதில்மேலே வந்து உட்கார்ந்திருக்கு."